தளமும் தளமும் வெட்டும் கோடு: உங்களை விடாத ஓர் அனுபவம்?

டியூஷன்மேசை:
மூன்று தளங்களின் சமன்பாடுகள்: எக்ஸ் மைனஸ் ஒய் சமம் 1, ஒய் மைனஸ் இசட் சமம் 1, எக்ஸ் மைனஸ் இசட் சமம் 3. பன்னிரண்டாம் வகுப்பில் அணித்தரம் படித்தவர்களுக்கு விடை உடனே வந்துவிடும். கெழு அணியின் தரம் 2, விரிவுபடுத்திய அணியின் தரம் 3, ஒருங்கமைவு இல்லை, அதாவது மூன்றுக்கும் பொதுவான தீர்வு இல்லை, அடுத்த கணக்கு. ஒரு பெண் மட்டும் அடுத்த கணக்குக்கு வரவில்லை. "சார், இதுல எந்த ரெண்டு தளமும் இணை இல்ல. எந்த ரெண்டை எடுத்தாலும் வெட்டுது. அப்புறம் எப்படி மூணுக்கும் பொதுவா ஒரு புள்ளிகூட இல்லாம போகும்?" நான் சாக்பீஸை எடுப்பதற்குள் பின்வரிசைப் பையன் ஒருவன் வந்து என் மேசைக் காலண்டரைத் தூக்கினான். முக்கோணமாக மடித்து நிற்க வைப்பார்களே, அந்த அட்டை. பக்கவாட்டில் திருப்பி, ஓட்டை வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே, "மூணு அட்டை, மூணு மடிப்பு. எங்கயாவது மடிப்பும் மடிப்பும் சேருதா சொல்லு" என்றான். அதேதான். மூன்று வெட்டுக்கோடும் (1, 1, 1) திசையில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. கடைசி 3-ஐ 2 ஆக்கினால் மூன்றும் ஒரே கோடாகிவிடும். அந்தப் பையன் காலாண்டுத் தேர்வில் கணக்கில் தேறவில்லை. அதுதான் உறுத்துகிறது.

உள்மூலை:
எனக்கு வீட்டுக் கூரை. நாகர்கோவில் பக்கம், ஓட்டு வீடு, எல் வடிவம். இரண்டு சரிவும் சேர்கிற உள்மூலைப் பள்ளம் ஐப்பசி தவறாமல் ஒழுகும். வரைபடத்தில் அந்த இடத்துக்கு 45 டிகிரியில் ஒரு கோடு, அதன்படியே மரமும் போட்டிருந்தார்கள். பிரித்துப் போட வந்த ஆசாரி வரைபடத்தைக் கையில்கூட வாங்கவில்லை. ஒரு சரிவின் மேல் ஒரு நூல், அடுத்த சரிவின் மேல் இன்னொரு நூல், இரண்டையும் மூலை வரை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நூலும் நூலும் தொட்ட இடத்தில் பென்சில் குறி. கொஞ்சம் மேலே போய் அதே மாதிரி இன்னொரு குறி. இரண்டையும் சேர்த்துக் கோடு அடித்தார். பழைய மரம் எங்கேயோ கிடந்தது, கோடு எங்கேயோ போனது. வீட்டுக் கூரை 30 டிகிரி, வராந்தா 20. சரிவு இரண்டும் சமமாக இருந்தால்தானே 45 வரும்? பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீட்டுக் கூரையின் இறவாரத்தை நேராக நீட்டினால் அதிலிருந்து 32 டிகிரி.

மலைப்பாதை:
படிக்கும்போது நீலகிரியில் களப்பணி. சார்னகைட் பாறையை வெட்டிப் போட்ட சாலை. பாறையில் இரண்டு விரிசல் தளங்கள், பிரண்டன் திசைமானியை வைத்து அளந்தோம். ஒன்று இடப்பக்கம் சரிகிறது, மற்றது வலப்பக்கம். இரண்டுமே சாலைப் பக்கம் சரியவில்லை. நண்பன் நோட்டில் 'ஆபத்தில்லை' என்று எழுதிவிட்டான். பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் அவன் பென்சிலை வாங்கி இரண்டு தளமும் சேரும் இடுக்கில் வைத்தார். அது நேராகச் சறுக்கி வந்து ரோட்டில் விழுந்தது. தளங்கள் இப்படி எதிரெதிர்ப் பக்கம் சரிந்தால், இடையில் உள்ள கல் நழுவுவது வெட்டுக்கோட்டின் வழியாகத்தான். அந்தக் கோட்டின் சாய்வு உராய்வுக் கோணத்தைவிட (சாய்தளத்தில் கல் நழுவத் தொடங்கும் கோணம்) அதிகமாகவும், வெட்டிய சரிவைவிடக் குறைவாகவும் இருந்தால் ஆப்பு மாதிரி கல் வெளியே வந்துவிடலாம். பக்கத்திலேயே ஒரு காலி இடுக்கு இருந்தது. அதிலிருந்த கல் எப்போது போனதோ.

நூற்றுக்குநூறு:
எல்லாம் சரி, ஆனால் டியூஷன்மேசை சாருக்கு ஒன்று. காலண்டரைக் காட்டினால் பரீட்சையில் மார்க் விழாது. படிக்கிற பிள்ளைகள் இதைப் பார்ப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இரண்டு தளம் வெட்டும் கோட்டின் திசை வேண்டுமானால், அந்தத் தளங்களின் செங்குத்து வெக்டர்களைக் குறுக்குப் பெருக்கல் செய்ய வேண்டும். அதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். கோட்டில் ஒரு புள்ளி வேண்டும் என்றதும் கண்ணை மூடிக்கொண்டு இசட் பூஜ்ஜியம் என்று போடுகிறார்கள். எக்ஸ் பிளஸ் ஒய் பிளஸ் இசட் 3, எக்ஸ் பிளஸ் ஒய் பிளஸ் 2இசட் 5 என்று கொடுத்துப் பாருங்கள். இசட்டைப் பூஜ்ஜியமாக்கினால் ஒரே கூட்டல் 3 என்றும் வரும், 5 என்றும் வரும். உடனே 'தளங்கள் இணை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உண்மையில் கோடு இசட் 2 என்ற மட்டத்தில் படுத்திருக்கிறது, பூஜ்ஜியத்தை அது தொடவே தொடாது. முதலில் திசையைக் கண்டுபிடியுங்கள். இங்கே (1, −1, 0). எந்த இடத்தில் பூஜ்ஜியம் இல்லையோ அந்த மாறியைத்தான் பூஜ்ஜியமாக்க வேண்டும். அப்புறம் லாம்டா என்று ஏதாவது ஓர் எண்ணை வைத்து எழுதும் தளக் குடும்பம். முதல் தளம் பிளஸ் லாம்டா பெருக்கல் இரண்டாம் தளம் என்று எழுதினால் அந்தக் கோட்டின் வழியே போகும் எல்லாத் தளமும் வரும், இரண்டாம் தளத்தைத் தவிர. விடை அந்த இரண்டாம் தளமாகவே இருக்கும்படி ஒரு கணக்கு மாதிரித் தேர்வில் வந்து என் மகள் அரை மணி நேரம் லாம்டாவைத் தேடினாள்.

உள்மூலை:
நூற்றுக்குநூறு அண்ணா, எங்கள் ஆசாரி குறுக்குப் பெருக்கலும் போடவில்லை, பூஜ்ஜியமும் வைக்கவில்லை. இரண்டு பொதுப்புள்ளி கிடைத்தால் கோடு கிடைத்தது. அதற்கு எதற்கு இத்தனை?

மலைப்பாதை:
புள்ளி இரண்டும் கிட்டக் கிட்ட இருந்தால் நூல் ஒரு மயிரிழை விலகினாலே கோடு எங்கேயோ போய்விடும் உள்மூலை. ஆசாரிக்கு அது தெரியும், அதனால்தான் மேலே ஏறிப் போய் இரண்டாவது குறி வைத்திருக்கிறார். இன்னொன்று, கோணத்தைச் சரிசெய்ததோடு ஒழுகல் நின்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். சாதாரணச் செங்கோண மூலையில் இரண்டு கூரையும் 30 டிகிரி என்றாலும் பள்ளத்தின் சரிவு 22தான். உங்கள் வீட்டில் 30-ம் 20-ம், பள்ளம் 17 டிகிரிதான் வரும். இரண்டு கூரைத் தண்ணீரும் இறங்குவது இருப்பதிலேயே சரிவு குறைந்த இடத்தில். பள்ளத்தில் போடும் தகரத்தை இரண்டு பக்கமும் ஓட்டுக்கு அடியில் நன்றாக உள்ளே ஏற்றச் சொல்லுங்கள்.

உள்மூலை:
அதைத்தான் ஆசாரியும் சொன்னார். அகலத் தகரத்துக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.