டோட்டோரோ எமதூதனாம்! யார் கட்டிவிட்ட கதைங்க இது?

கானாடுகாத்தான் மருமக:

லீவுக்குப் பிள்ளைகளோட மாமியார் வீட்டுக்கு வந்திருக்கோம். முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் நடந்தா ஒரு தெரு நீளம் இருக்கும், ஆளு நாலஞ்சு பேருதான். மூத்தவ அஞ்சாவது படிக்கிறா. 'மை நெய்பர் டோட்டோரோ'ங்கிற ஜப்பான் கார்ட்டூன் படம்னா அவளுக்கு உசுரு. டோட்டோரோங்கிறது அதுல மரத்துல குடியிருக்கிற பெரிய உருவம். போன லீவுல பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தப்ப, அந்தப் படத்துல வர்ற கரியுருண்டைக இருக்குதான்னு கையைத் தட்டிக்கிட்டே முதல் ஆளா உள்ள ஓடுனவ.

இந்தத் தடவை அவ அத்தை மகன், ஒன்பதாவது படிக்கிறவன், ஏதோ வீடியோவைக் காட்டிட்டான். டோட்டோரோ எமதூதனாம். படத்துல வர்ற அக்கா சாட்சுகி, தங்கச்சி மேய் ரெண்டும் படம் முடியுறதுக்குள்ள செத்துப் போச்சாம், அதனாலதான் கடைசியில அதுகளுக்கு நிழல் இல்லையாம். அதுல வர்ற பூனை உருவத்து பஸ்ஸு செத்தவுகளை ஏத்திக்கிட்டுப் போற வண்டியாம். இதெல்லாம் ஜப்பான்ல நெசமா நடந்த ஒரு கொலையை வச்சு எடுத்ததாம். அன்னையில இருந்து பொழுது சாஞ்சா வளவைத் தாண்டித் தனியாப் போக மாட்டேங்குறா. "அம்மா, மேய் செத்துருச்சா?"ன்னு கேக்குறா. படத்தைப் போட்டா எந்திரிச்சுப் போயிடுறா.

இது உண்மையா? இல்லேன்னா எதை வச்சு இல்லேன்னு சொல்றது? "சும்மா கட்டுக்கதைடி"ன்னு சொன்னா அடங்குற ரகம் இல்ல அவ. ஆதாரம் கேப்பா.

ரஸ்தா ராஜா:

அக்கா, ஒரேயடியாத் தள்ளிடாதீங்க. காணாமப் போன மேயைத் தேடும்போது குளத்துல ஒரு சின்னச் செருப்பு கிடைக்குது. மேய் உக்காந்திருக்கிறது ஆறு ஜிஸோ சிலைக்குப் பக்கத்துல. இறந்துபோன குழந்தைகளைக் காப்பாத்துற சாமி அது. கடைசியில, சீக்கா இருக்கிற அம்மா படுத்திருக்கிற ஆஸ்பத்திரி மரத்துல பிள்ளைக உக்காந்திருக்கிறது அம்மா கண்ணுக்கு மட்டும் தெரியுது. 1963 மே மாசம் ஜப்பான்ல சயாமாங்கிற ஊருல ஒரு பள்ளிக்கூடப் பொண்ணைக் கடத்திக் கொன்னாங்க. படம் நடக்கிறதும் சயாமா குன்றுப் பக்கம், ரெண்டு பிள்ளைக பேருமே மே மாசத்தைக் குறிக்கிற பேரு. அத்தனையும் தற்செயலா?

பள்ளத்தூர் பென்சில்:

ஆச்சி, ஆதாரம்தானே வேணும்? முதல்ல படம் எடுத்தவுக வாயாலேயே கேட்டுக்குங்க. இந்த வதந்தி ஜப்பான்ல பெருசாப் பரவி ஆளாளுக்கு விசாரிக்கப் போயி, 2007 மே மாசம் ஸ்டூடியோ ஜிப்லியே தன்னோட வலைத்தளத்துல எழுதுச்சு. டோட்டோரோ எமதூதனும் இல்ல, மேய் சாகவும் இல்ல, கவலைப்படாதீங்கன்னு. நிழல் இல்லாததுக்கும் அதுலயே பதில் இருக்கு: அந்தக் காட்சிக்குத் தேவையில்லைன்னு வரையாம விட்டோம், அம்புட்டுதான்.

நிழல் விஷயத்துல நான் கொஞ்சம் வாயைத் திறந்தாகணும், அது என் பொழப்பு. ஊருக்குத் திரும்புறதுக்கு முன்னாடி சென்னையில ஒரு கம்பெனியில கார்ட்டூனுக்கு இடைப்படம், அதாவது ஒரு அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவுல வர்ற படம், வரைஞ்சவன் நான். கையால வரையுற படத்துல நிழல் தானா விழாது. பின்னணி ஒரு தாள், உருவம் அது மேல வைக்கிற செல்லுலாய்டு ஷீட்டு, நிழல் வேணும்னா அதுக்குத் தனியா இன்னொண்ணு. கால் ஒரு நூல் நகர்ந்தா நிழலும் நகரணும். பொழுது மங்குன காட்சின்னா எங்க சூப்பர்வைசர் சீட்டுலயே 'நிழல் வேண்டாம்'னு எழுதி அனுப்பிருவாரு. அன்னைக்கு எங்களுக்கு டீ கூட ருசிக்கும். நிழல் இல்லாததெல்லாம் பொணம்னா, நான் வரைஞ்சதுல பாதிப் பேருக்குக் காரியம் பண்ணணும்.

தம்பி ரஸ்தா, செருப்பைப் பத்திச் சொன்னீக, அதுக்கடுத்த வசனத்தை விட்டுட்டீக. ஊரே குளத்தைத் துழாவுது, பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தச் செருப்பைக் கையில வச்சுக்கிட்டுக் கும்பிட்டுக்கிட்டு நிக்குது. சாட்சுகி ஓடி வந்து பார்த்துட்டு, இது மேயோடது இல்லைன்னு சொல்லிடுறா. எல்லாருக்கும் அப்பத்தான் மூச்சு வருது. அந்த ஒரு வரியை வெட்டிட்டு வீடியோ போட்டா யாருக்குத்தான் பயம் வராது?

1963 கணக்கும் உதைக்குது. படத்துல நடக்கிறது 1950-கள். குன்று ஒண்ணா இருக்கேன்னா, படத்தை இயக்குன மியாசாகி குடியிருக்கிற தொகொரொசாவா ஊரே அதை ஒட்டித்தான். தன் வீட்டுப் பக்கத்துக் காட்டை வரைஞ்சிருக்காரு. பேரு ஏன் ஒரே மாசம்? முதல்ல அவரு யோசிச்சது ஒரே ஒரு பொண்ணு, அப்புறந்தான் அக்கா தங்கச்சியாப் பிரிச்சாரு. படத்தோட போஸ்டரைப் பாருங்க, பஸ் ஸ்டாப்புல டோட்டோரோ பக்கத்துல ஒரு பிள்ளைதான் நிக்கும். அது சாட்சுகியும் இல்ல, மேயும் இல்ல, ரெண்டும் கலந்த முகம். ஆச்சி, இதை உங்க மக கிட்ட காட்டுங்க, அவளே கண்டுபிடிப்பா.

இன்னொண்ணு. சயாமாவுல செத்தது நெசப் பொண்ணு, 16 வயசு. அந்த வழக்குல தண்டனை வாங்குனவரு, தான் செய்யலைன்னு கடைசி வரைக்கும் போராடுனாரு. தீண்டாமைக்கு ஆளான சமூகத்துல பொறந்ததாலதான் தன்னைப் பிடிச்சாங்கன்னு அவரு பக்கம் நின்னவுக ஏராளம். அம்புட்டுப் பெரிய துயரத்தை எடுத்துப் பிள்ளைகளை மிரட்டுற வீடியோவுக்கு மசாலாவாத் தூவுறது எனக்குக் கட்டோட பிடிக்கல.

ஜிஸோவுக்கு வர்றேன். செத்த குழந்தைகளுக்கு மட்டுமா அது சாமி? உசுரோட இருக்கிற பிள்ளைக்கும் வழிப்போக்கனுக்கும் அதுதான் காவல். இதே படத்துல முன்னாடி மழை வரும்போது, அக்காவும் தங்கச்சியும் ஜிஸோ சாமிகிட்ட அனுமதி கேட்டுக்கிட்டுத்தான் அந்தக் கூரைக்குக் கீழ ஒதுங்குவாக. நம்ம பக்கம் ஊர் எல்லையில, மண்குதிரை வரிசை கட்டி நிக்கிற காட்டுக்குள்ள ஐயனாரு இருக்காரு, பக்கத்துல அருவாளோட கருப்பரு. முழியைப் பார்த்தா பெரிய ஆளுக்கே நடுங்கும். தொலைஞ்சுபோன பிள்ளை ஐயனாரு கோயில் வாசல்ல உக்காந்திருக்குன்னு சேதி வந்தா நாம என்ன சொல்லுவோம்? செத்துருச்சுன்னா? "நல்லவேளை, ஐயா பார்த்துக்கிட்டாரு"ன்னுதானே. டோட்டோரோ இருக்கிறதும் கும்பிடுற மரத்துலதான். அப்பா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுப் போயி அந்தக் கற்பூர மரத்துக்குத் தலை வணங்குவாரு. பெரிய பல்லு இருக்கிறதாலயே எமன்னு சொல்றவன் நம்ம கருப்பரைப் பார்த்தா என்ன சொல்லுவானோ.

இந்த வதந்தி ஏன் இப்படி ஒட்டிக்கிச்சுன்னு எனக்கு ஒரு யூகம் உண்டு. 1988 ஏப்ரல்ல இது வெளியானப்ப, ஒரே டிக்கெட்டுல 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' படத்தையும் சேர்த்துக் காட்டுனாக. அதுல போர்க்காலத்து அண்ணனும் தங்கச்சியும் நெசமாவே சாகுதுக. ஒரே உக்காருல ரெண்டையும் பார்த்துட்டு வந்தவன் மனசுல எது எந்தப் படம்னு இருந்திருக்குமா?

படத்துல இருட்டே இல்லைன்னு நான் சொல்ல வரல. ஆஸ்பத்திரித் தந்தி வந்த பிறகு, அதுவரைக்கும் பெரிய மனுஷி மாதிரி சமைச்சுப் போட்ட சாட்சுகி, "அம்மா செத்துட்டா என்ன பண்றது"ன்னு பாட்டி முன்னாடி வாய்விட்டு அழுவா. அதைவிடப் பயங்கரத்தை எந்த வீடியோக்காரனும் கண்டுபிடிக்கல. எமதூதனைக் கொண்டுவந்து நுழைச்சா அந்த அழுகைக்கு மதிப்பே இல்லாமப் போயிருது.

ரஸ்தா ராஜா:

அண்ணே, மரத்துல உக்காந்ததுக்குப் பதில் வரலையே. அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரியுது?

பள்ளத்தூர் பென்சில்:

அம்மா சொன்னதும் அப்பா ஜன்னலைப் பார்க்குறாருல்ல? அங்க ஒரு சோளக்கதிர் இருக்கும், 'அம்மாவுக்கு'ன்னு தோலுல கீறி எழுதுனது. அவரே கையில எடுத்துக் காட்டுறாரு. ஆவி சோளக்கதிரைச் சுமந்துக்கிட்டு வந்து ஜன்னல்ல வச்சுட்டுப் போகுமா தம்பி? கடைசியில பேரு ஓடும்போது அம்மா வீட்டுக்கு வந்து பிள்ளைகளோட குளிக்கிறதையும் பாருங்க. எல்லாரும் அந்நேரம் டிவியை அணைச்சுடுறீக.

ஆத்தங்குடி அப்பத்தா:

பென்சில் தம்பி சொன்னது சரிதான், ஆனா இம்புட்டையும் பிள்ளை தலையில ஒரே மூச்சுல கொட்டாதீக. சோளக்கதிரும் போஸ்டரும் போதும். கொலைப் பேச்சு அவ காதுல இனிமே விழ வேண்டாம். அந்தப் பையனையும் வையாதீக. அவனைப் பக்கத்துல உக்கார வச்சு, இவளையே விளக்கம் சொல்லச் சொல்லுங்க.

கானாடுகாத்தான் மருமக:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சோளக்கதிர் இடத்துல நிறுத்தி நிறுத்திப் பார்த்தா. போஸ்டர்ல இருக்கிற பிள்ளைக்குச் சடை யாரோடது, கவுனு யாரோடதுன்னு ஒரு மணி நேரம் ஆராய்ச்சி. அப்பத்தா சொன்னபடியே அவனை உக்கார வச்சா, இவ அவன் பார்க்கிற சண்டைக் கார்ட்டூனைப் போட்டு, நிழல் இல்லாத ஆளையெல்லாம் "இவன் பொணம், இவன் பொணம்"னு காட்டுறா. பையன் ரிமோட்டைப் பிடுங்கிக்கிட்டுப் போயிட்டான்.

இப்பக் கேள்வி வேற பக்கம் திரும்பியிருக்கு. அந்த அம்மாவுக்கு என்ன சீக்கு, நெசமாவே குணமாகுமான்னு கேக்குறா. பென்சில் தம்பி, இதுக்கு ஏதாச்சும் இருக்கா?

பள்ளத்தூர் பென்சில்:

படத்துல நோய்ப் பேரு சொல்ல மாட்டாக ஆச்சி. ஆனா மியாசாகி சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவரோட அம்மாவுக்கு முதுகெலும்புல காசநோய் வந்து, வருஷக்கணக்காப் படுக்கையில இருந்தாக. அவுக பிழைச்சு எந்திரிச்சு, மகன் பெரியவனாகிப் படம் எடுக்க ஆரம்பிச்ச வரைக்கும் இருந்தாகன்னு சொல்லுங்க.