160 மீட்டர் ரிசீவ் லூப்: ரிலே தட்டினாலும் திசை மாறல, உதவி தேவை

கரிசல்_ரேடியோ
வணக்கம். அமெச்சூர் ரேடியோ 160 மீட்டர் பேண்டுக்கு (1.8 மெகாஹெர்ட்ஸ்) ரிசீவ் லூப், அதாவது கேக்க மட்டும் உதவுற கம்பி வளைய ஆன்டெனா, கட்டினேன். ரிலே (மின்சார சுவிட்ச்) தட்டினா அது கேக்குற திசை வடக்கு தெற்கு மாறணும். மாறவே இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே சத்தம், ஒரே சிக்னல். ரெசிஸ்டரையும் மாத்திப் பார்த்தாச்சு. சனிக்கிழமை ராத்திரி கான்டெஸ்ட், அதுக்குள்ள சரி பண்ணணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. 73 (வாழ்த்துகள்)

பொதிகை_அலை
எந்த லூப் அண்ணே? கே9ஏஒய்-யா, ஃபிளாக்கா, பென்னன்ட்டா? கையால திருப்புற ஒரு மீட்டர் சின்ன லூப்புன்னா அதுல ரிலேவுக்கே வேலை இல்லையே. எந்த ஊருன்னும் சொல்லுங்க.

ஓம்விதி
கம்பி நீளம்? உயரம்? தரையிலயா, மாடியிலயா? டிரான்ஸ்பார்மர் எந்தக் கோர் (கம்பி சுத்துற வளையம்), எத்தனை சுத்து? பக்கத்துல டிரான்ஸ்மிட் ஆன்டெனா இருக்கா? இதெல்லாம் தெரியாம ஜோசியம்தான் சொல்ல முடியும்.

கடலோரம்
பக்கத்து வீட்டு மாடியில சோலார் பேனல் இருக்கான்னு முதல்ல பாருங்க. இன்வெர்ட்டர் சத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் கேக்கும். எனக்கு அப்படித்தான் ஆச்சு. மெயினை ஆஃப் பண்ணிட்டு பேட்டரியில ரேடியோவைப் போட்டுப் பாருங்க.

பழையவால்வு
கே9ஏஒய்ங்கறது கேரி பிரீட்டோட அழைப்புக்குறி, அவர் இந்த லூப்பை 1997 செப்டம்பர் கியூஎஸ்டி (அமெரிக்க அமெச்சூர் ரேடியோ) இதழ்லயே விவரமா எழுதிட்டார். அதைப் படிச்சிட்டுக் கட்டினா இந்தக் கேள்வியே வந்திருக்காது. இப்ப எல்லாரும் வீடியோ பார்த்துட்டு நேரா கம்பியை வெட்டிடறாங்க. அப்புறம் இங்க வந்து "சீக்கிரம் சொல்லுங்க".

பொதிகை_அலை
சார், அவர் எந்த லூப்புன்னே இன்னும் சொல்லல. அதுக்குள்ள கே9ஏஒய்-னு முடிவு பண்ணிட்டீங்களே.

கரிசல்_ரேடியோ
மன்னிக்கணும், ஆபீஸ்ல இருந்தேன். கே9ஏஒய்தான். கோவில்பட்டி. கம்பி 26 மீட்டர், உச்சி ஏழரை மீட்டர். ரெண்டாவது மாடிக்கு மேல மொட்டை மாடி. லூப்பையும் கேபிளையும் இணைக்கிற 9:1 (ஓம் விகிதம்) டிரான்ஸ்பார்மர் நானே சுத்தினது, பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைல இருந்த மஞ்சள் வளையம், 3க்கு 9 சுத்து. எர்த்துக்கு மாடியிலேர்ந்து கீழே தோட்டத்து ராடு வரைக்கும் வயர் இழுத்திருக்கேன். ரெசிஸ்டர் 470 ஓம். மத்தபடி எல்லாம் நார்மல்தான்.

ஓம்விதி
"எல்லாம் நார்மல்" இல்ல நண்பரே.

அந்த மஞ்சள் வளையத்துல ஒரு பக்கம் வெள்ளை பெயின்ட் இருக்கா? இருந்தா அது ஃபெரைட்டே இல்ல, இரும்புத்தூள் கோர். அந்த சைஸ்ல 9 சுத்து போட்டா ஏழு மைக்ரோஹென்றி சொச்சம்தான் வரும். 1.8 மெகாஹெர்ட்ஸ்ல அதோட ரியாக்டன்ஸ் (ஏசி தடை) 80 ஓம் சுமார். 450 ஓம் லூப்புக்குக் குறுக்கே 80 ஓம்! அந்தப் பக்கம் 3 சுத்துல வெறும் 9 ஓம். வர்ற சிக்னலை ஷார்ட் பண்ணிட்டு உக்காந்திருக்கீங்க. பிஎன்-73-202 பைனாகுலர் கோர்ல (73 மிக்ஸ்ங்கற ஃபெரைட் வகை, ரெண்டு துளை) 2க்கு 6 சுத்து போடுங்க. 2 சுத்துலயே 30 மைக்ரோஹென்றிக்கு மேல வரும், தாராளம்.

செம்புச்சுருள்
அப்போ கோர் சரியில்லாததாலதான் திசை போச்சு. கேஸ் முடிஞ்சுது.

ஓம்விதி
முடியல. டிரான்ஸ்பார்மர் மோசம்னா சிக்னல்தான் குறையும், திசைப் பேட்டர்ன் கெடாது. ஒரே முனையில சிக்னல் எடுக்குற ஆன்டெனாவுல அந்த முனைக்கு என்ன லோடு போட்டாலும் எல்லாத் திசை சிக்னலும் ஒரே விகிதத்துலதான் குறையும். இந்த லூப் ஏற்கெனவே சாதாரண டைபோல் ஆன்டெனாவைவிட 20, 30 டிபி (டெசிபல்) கீழ. அதையும் இப்படி அமுக்கிட்டா, கோஆக்ஸ் கேபிளோட வெளித்தோல் ஏரியலா வாங்குற சிக்னல் இதைவிடப் பெருசாயிடும். நீங்க கேக்குறது லூப்பை இல்ல, கேபிளை. கேபிளுக்கு எந்த ரிலே தட்டியும் திசை மாறாது.

சோதிக்க அஞ்சு நிமிஷம் போதும். டிரான்ஸ்பார்மர்லேர்ந்து லூப் கம்பி ரெண்டையும் கழட்டுங்க. அந்த இடத்துல 470 ஓம் ரெசிஸ்டரை மட்டும் வைங்க. பேண்டு அமைதியாகணும். ஆகலைன்னா குற்றவாளி கேபிள்.

பொதிகை_அலை
அண்ணே, நீங்க இருக்கிற ஊரே டெஸ்ட் பெஞ்ச்! திருநெல்வேலி வானொலி 1197 கிலோஹெர்ட்ஸ், உங்களுக்குத் தெற்கே 50 கிலோமீட்டர் சொச்சம். மதுரை 1269, அது வடக்கே. ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டுல எதிரும் புதிருமா இருக்கு. மத்தியானம் ரெண்டையும் கேளுங்க. வடக்கு போட்டா 1197 இறங்கணும், தெற்கு போட்டா 1269 இறங்கணும். ராத்திரியில பார்த்து ஏமாறாதீங்க. ராத்திரி சிக்னல் மேலேர்ந்து பல கோணத்துல வந்து விழும், நல் (சிக்னல் செத்துப்போற திசை) எங்கேன்னே தெரியாது. பகல்ல தரையலை மட்டும்தான், தெளிவாத் தெரியும்.

இன்னொண்ணு: இந்த லூப் ஃபீட் முனை (டிரான்ஸ்பார்மர் முனை) இருக்கிற பக்கம்தான் நல்லா கேக்கும், ரெசிஸ்டர் பக்கம் நல். பெவரேஜுக்கு (நீளமா இழுக்கிற கம்பி ஆன்டெனா) இது தலைகீழ். நிறைய பேர் இதுல குழம்புவாங்க.

கடலோரம்
சோலார் இருக்கான்னு யாருமே அவர்ட்ட கேக்கலையே?

செம்புச்சுருள்
நான் சொல்றேன், இந்த 26 மீட்டர் வம்பே வேண்டாம். ஒரு மீட்டர் விட்டத்துல கோஆக்ஸ் ஷீல்டு லூப் போடுங்க, மேல ஷீல்டை வெட்டி இடைவெளி விடுங்க. ஷீல்டு எலெக்ட்ரிக் சத்தத்தை எல்லாம் தடுத்துடும், காந்த அலை மட்டும் உள்ளே வரும். வீட்டுச் சத்தம் பூரா எலெக்ட்ரிக்தான்.

ஓம்விதி
இந்தக் கதை சாகவே மாட்டேங்குது. 160 மீட்டர்ல ஷீல்டுக்கு உள்ளே எதுவும் நேரா நுழையாது, காந்தப் புலமும் சேர்த்துத்தான். ஷீல்டோட வெளிப்பரப்புல ஓடுற கரன்ட்தான் ஆன்டெனா. அது இடைவெளியில வோல்டேஜா தெரியுது, அதைத்தான் உள்கம்பி எடுத்துக்குது. ஷீல்டால கிடைக்கிற நன்மை சமச்சீர், அவ்ளோதான். ஒழுங்கா பேலன்ஸ் பண்ணின வெறும் கம்பி லூப்பும் அதே நல்லைக் கொடுக்கும்.

செம்புச்சுருள்
புத்தகம் வேற, மாடி வேற. நான் மாத்தினதும் என் எஸ் மீட்டர் (சிக்னல் பலம் காட்டுறது) எஸ்7லேர்ந்து எஸ்3க்கு இறங்குச்சு. அதுக்கு என்ன சொல்றீங்க?

ஓம்விதி
சிக்னல் எவ்ளோ இறங்குச்சு?

செம்புச்சுருள்
அதை யார் பார்த்தா. சத்தம் போச்சுல்ல.

பழையவால்வு
ரெண்டு பேருமே விட்டுடுங்க. லூப்பெல்லாம் இடமில்லாதவனுக்கு. 1921 டிசம்பர்ல ஸ்காட்லாந்து ஆர்ட்ரோசன்ல பால் காட்லி அமெரிக்க அமெச்சூர் சிக்னலைப் பிடிச்சது எதுல? பெவரேஜ்ல. கூடாரத்துல உக்காந்து, மழையில நனைஞ்சு, 200 மீட்டர் சொச்ச அலைநீளத்துல கேட்டான். கம்பியை நீளமா இழு, முனையில ரெசிஸ்டரைப் போடு, முடிஞ்சுது.

பொதிகை_அலை
கோவில்பட்டி மொட்டை மாடியில 300 மீட்டர் கம்பியா சார்? பக்கத்துத் தெரு பிள்ளையார் கோவில் வரைக்கும் போகும்.

கரிசல்_ரேடியோ
டெஸ்ட் பண்ணேன். லூப்பைக் கழட்டி ரெசிஸ்டர் வச்சப்பவும் 1197 எஸ்8. லூப் மாட்டினா எஸ்9. வளையத்துல வெள்ளை இருக்கு. சோலார் இல்ல. அப்புறம், லூப் கம்பம் ஜிஐ பைப், அதே பைப் உச்சியிலதான் 40 மீட்டர் பேண்டு இன்வர்டட் வி (தலைகீழ் V வடிவ டிரான்ஸ்மிட் ஆன்டெனா) கட்டியிருக்கு. அது பிரச்சனை இல்லைல்ல?

ஓம்விதி
இதைத்தான் முதல் நாளே கேட்டேன்.

பிரச்சனைதான். கம்பம், மேல விரிஞ்ச ரெண்டு கை, கீழே இறங்குற கோஆக்ஸ் எல்லாம் சேர்ந்து தொப்பி வச்ச வெர்டிகல் (செங்குத்து) ஆன்டெனா மாதிரி ஆடும். லூப்புக்கு நட்ட நடுவுல அது நின்னா நல் எங்கேர்ந்து வரும்? 160 கேக்கும்போது இன்வர்டட் வி கோஆக்ஸை ரேடியோவுலேர்ந்து கழட்டி வச்சுப் பாருங்க.

அதைவிடப் பெரிய தொல்லை அந்த எர்த்து வயர். கே9ஏஒய்-க்கு எர்த்து லூப்புக்கு நேர் கீழே இருக்கணும். ரெண்டு மாடி உயரத்துக்குத் தொங்குற வயர் எர்த்து இல்ல, அதுவும் ஏரியல். மாடின்னா ஃபிளாக் (செவ்வக லூப்) கட்டுங்க, அதுக்கு எர்த்தே தேவையில்ல. 8.8 மீட்டர் நீளம், 4.3 மீட்டர் உயரம், ஒரு பக்க நடுவுல டிரான்ஸ்பார்மர், எதிர்ப்பக்க நடுவுல 950 ஓம் சுமார். சுத்து 2க்கு 9. இடம் பத்தலைன்னா ரெண்டு அளவையும் பாதியாக்கலாம், பேட்டர்ன் கெடாது, சிக்னல் 12 டிபி குறையும், பிரீஆம்ப் (முன்பெருக்கி) வேணும். கேபிள் மேல 31 மிக்ஸ் ஃபெரைட்ல சோக் (வெளித்தோல் கரன்ட்டைத் தடுக்கிறது) போட மறக்காதீங்க, லூப் பக்கம் ஒண்ணு, வீட்டுக்குள்ள நுழையற இடத்துல ஒண்ணு.

பொதிகை_அலை
கட்டும்போது ஃபீட் முனையை வடமேற்கே வைங்கண்ணே. யூரோப் அந்தப் பக்கம். இந்தோனேசியா பக்கத்து இடிச்சத்தம் தென்கிழக்கேர்ந்து வரும், அது நல்லுல விழுந்துடும். விடியக்காலை சூரியன் எழுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கேளுங்க, அப்பதான் உச்சம்.

செம்புச்சுருள்
ஷீல்டு லூப்புக்கு எர்த்தும் வேண்டாம், கம்பமும் வேண்டாம். சொன்னா கேக்க மாட்டீங்க.

பழையவால்வு
நீங்க இன்னும் போகலையா?

கரிசல்_ரேடியோ
ஃபிளாக் கட்டியாச்சு. கோரும் மாத்தினேன், சோக்கும் போட்டேன். 1197 இப்ப 20 டிபி இறங்குது. கான்டெஸ்ட்ல யூரோப் நல்லா கேட்டுச்சு. எல்லாருக்கும் நன்றி. 73

ஓம்விதி
சந்தோஷம். எது போட்டதும் எவ்ளோ மாறுச்சு? முதல்ல சோக்கா, கோரா? இன்வர்டட் வி கோஆக்ஸைக் கழட்டினீங்களா?

ஓம்விதி
இருக்கீங்களா?

கடலோரம்
யாரோ இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணியிருப்பாங்க.

வைகைக்கரை
எனக்கும் இதே தொல்லை, 80 மீட்டர்ல. அந்த 73 மிக்ஸ் கோர் எங்க கிடைக்கும்? சென்னை ரிச்சி தெருவுல கேட்டேன், கடைக்காரர் "எல்லாம் ஒரே ஃபெரைட்தான் சார்"ங்கறார்.

ஓம்விதி
மிக்ஸ் பேரைச் சொல்லிக் கேக்காதீங்க. ரெண்டு துளை பைனாகுலர் கோர் எதுன்னாலும் ஒரு ரெண்டு மூணு வாங்குங்க. ஒவ்வொண்ணுலயும் 2 சுத்து போட்டு எல்சி மீட்டர்ல பாருங்க. 80 மீட்டருக்கு 15 மைக்ரோஹென்றிக்கு மேல காட்டினா எடுத்துக்கலாம், அதுக்குக் கீழன்னா டப்பாவுல போட்டுடுங்க. உங்க லூப் எது, எவ்ளோ உயரம், தரையா மாடியா?