பிக்கிஷ் (biggish), ஸ்மாலிஷ் (smallish) போன்ற ஆங்கிலச் சொற்களால் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பொத்துவிலான்:
அலைச்சறுக்குக்குப் பேர்போன அறுகம்பேயில் ஒரு தங்குமிடத்தில் வேலை. சீசனில் விடிந்ததும் வெள்ளைக்காரர் விசாரிப்பது தேத்தண்ணியை அல்ல, அலையை. ஒருநாள் இங்கிலாந்துக்காரர் ஒருவர் பெரிய அலை வரும் மெயின் பொயிண்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து, "ஸ்மாலிஷ்" என்றுவிட்டு அறைக்குப் போய்விட்டார். அதைக் கேட்டு, அப்போதுதான் சறுக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு பிள்ளை பலகையோடு கிளம்பிவிட்டாள். கரையில் நின்ற நம்ம பொடியன்தான் மறித்து, பழகுகிறவர்கள் போகும் பேபி பொயிண்டுக்குக் கூட்டிப் போனான். அன்றைக்கு மெயின் பொயிண்டில் அலை நெஞ்சளவு! வருசக்கணக்கில் சறுக்குகிறவருக்கு அது சின்னதுதானே.

ஆங்கிலச் சொல்லோடு 'இஷ்' ஒட்டினால் ஓரளவு, ஏறக்குறைய என்றாகும். எதோடு ஒப்பிட்டு என்பது சொன்னவரின் மனதுக்குள்ளேயே இருந்துவிடும். அதனால்தான் சறுக்குகிறவர்கள் முழங்காலளவு, இடுப்பளவு, தலையளவு என்று உடம்பை வைத்துப் பேசுகிறார்கள். அடிக்கணக்கையும் அப்படியே நம்ப ஏலாது. ஹவாயில் பழைய வழக்கப்படி அலையின் பின்பக்கத்தை வைத்துத்தான் கணக்கு. அவர்களின் மூன்றடி, முன்னால் நிற்பவருக்கு ஆறடி போலத் தெரியும்.

கல்லடி டீச்சர்:
தம்பி, ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள் 'லார்ஜிஷ்' (largish) என்றால் லார்ஜைவிடப் பெரிசு என்று நினைக்கிறார்கள். இல்லை, ஒரு படி குறைவு. மறுகா, 'சைசபிள்' (sizable) என்றால் நடுத்தரம் என்று எழுதி வைக்கிறார்கள். அது பெரிசின் பக்கம் சாய்ந்தது, கணிசமானது என்று அர்த்தம். பரீட்சையில் 'டோலிஷ்' (tallish) எழுதலாமா என்று கேட்கிறவர்களிடம், பிழையில்லை, ஆனால் பேச்சு வாடை அடிக்கும், 'ஃபெயர்லி டோல்' (fairly tall) போடுங்கள் என்பேன். பிக்கிஷில் 'ஜி' இரண்டு. அதில்தான் பாதிப் பேர் மாட்டுவார்கள்.

வாழைச்சேனை மச்சான்:
லண்டனிலிருந்து வந்த மச்சினன் லார்ஜிஷ் இறால் வேண்டும் என்றார். அதையே சொல்லிக் கேட்டேன். வியாபாரி இறால் கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே, "கிலோவுக்கு எத்தனை நிக்கோணும்?" என்றார். மச்சினன் முழித்தார். எண்ணிக்கை குறைந்தால் இறால் பெரிசு; நான்தான் இருபதுக்குள்ளே தாங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். பொத்துவிலான் நானா, பட்ஜெட் ஸ்மாலிஷ் என்று எழுதி அறை கேட்கிறவர்களுக்கு நீங்கள் என்ன விலை சொல்லுவீங்க?