ஃப்ரீ ஜாஸ் கச்சேரிப் பதிவில் டபுள் பாஸ் அமுங்கிவிட்டது: மீட்க வழி தேவை

நான்கு நாடுகளைச் சேர்ந்த நால்வர் வாசித்த ஃப்ரீ ஜாஸ் கச்சேரியை, அவர்கள் அனுமதியோடு மூன்று வாரங்களுக்கு முன் பதிவு செய்தேன். டெனார் சாக்ஸபோன், ட்ரம்பெட், டபுள் பாஸ் (ஆளுயரத் தாழ்சுருதித் தந்திக் கருவி), டிரம்ஸ். இடைவெளியின்றி 52 நிமிடம். எழுதிவைத்த ஸ்வரம் ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க மனோதர்மம். அதே இசையை அவர்களாலேயே திரும்ப வாசிக்க முடியாது. இருப்பது இந்த ஒரே பதிவுதான்.

சிறிய அரங்கம், மூன்றாம் வரிசை. ஸ்டீரியோ மைக் உள்ள கையடக்க ரெக்கார்டர், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். ஒலி அளவைத் தானாகவே ஏற்றி இறக்கும் வசதியை அணைக்க மறந்துவிட்டேன். சாக்ஸபோன் உச்சத்தில் அலறி ஓயும்போதெல்லாம் பதிவு அடங்கி, சில நொடிகள் கழித்தே மெல்ல எழுகிறது. 31-ஆவது நிமிடத்தில் பாஸ் கலைஞர் வில்லை, தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கு அருகில் வைத்து இழுக்கிறார். அரங்கில் மயிர்க்கூச்செறிந்தது, பதிவில் வெறும் முனகல்.

அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் ஈக்வலைஸரில் 40 முதல் 250 ஹெர்ட்ஸ் வரை உயர்த்தினேன். பெரிய டிரம்மும் சேர்ந்து குமுறுகிறது. உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கம்ப்ரஸரைப் போட்டால் சிம்பல் காதைக் குத்துகிறது. கருவிகளைப் பிரிக்கும் மென்பொருள், விரலால் மீட்டிய பாஸை ஓரளவு பிரித்தது. வில்லால் இழுத்ததை சாக்ஸபோனோடு சேர்த்துவிட்டது. 1960-இல் ஃப்ரீ ஜாஸ் முன்னோடியான சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் இரண்டு குவார்டெட்டுகளை (நால்வர் குழுக்களை) இடது, வலது சேனல்களில் பிரித்துப் பதிந்ததால் இரண்டு பாஸும் தனித்தனியே கேட்கின்றன. என் பதிவில் பாஸும் டிரம்ஸும் நடுவிலேயே நிற்கின்றன.

இப்படி ஏறி இறங்கும் ஒலி அளவை, சிம்பலைக் கெடுக்காமல் கையாலேயே வளைவு வரைந்து நேராக்கியவர்கள், எந்தக் கட்டத்திலிருந்து தொடங்கினீர்கள்?