பின்னிய நண்டை மீன் சந்தைக்குக் கொண்டுபோன கதை

நல்லூரிலிருந்து

நான் பின்னிய முதல் நண்டைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். அதில் நியாயத்தோடு சிரித்தவர் ஒருவர்தான். அவர் பாசையூரில் மீன் விற்கிறவர்.

பின்னல் எனக்குப் புதிதில்லை. சொந்தத்தில் யாருக்காவது பிள்ளை பிறந்தால் தொப்பியும் மேசும் பின்னிக் கொடுப்பது அம்மாவின் பழக்கம், அது எனக்கும் வந்துவிட்டது. (யாழ்ப்பாண வெயிலுக்குக் கம்பளித் தொப்பி எதற்கு என்று கேட்காதீர்கள். முப்பத்தொன்று கழியும் வரை பிள்ளைக்குக் காற்றுப் பட்டால் தடிமன் என்று சொல்ல எங்கள் வீட்டில் இன்னும் ஆள் இருக்கிறது.) ஆனால் பொம்மை பின்னியதே இல்லை.

ஸ்கார்பரோவில் இருக்கும் பேரன் போன வருடம் வந்து நின்றபோது, சந்தையிலிருந்து கொண்டுவந்த பையிலிருந்து ஒரு நண்டு நழுவிக் குசினித் தரையில் ஓடியது. நாலு வயதுக்காரன் அதற்குப் பின்னால் ஓடினான். அது குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. தும்புத்தடி கொண்டு அதை வெளியே எடுத்த கதையை அவன் கனடா முழுக்கச் சொல்லியிருக்கிறான் போல. திரும்பிப் போனதும் தொலைபேசியில், "அம்மம்மா, எனக்கு அந்த நண்டு வேணும்." உயிர் நண்டை அனுப்ப முடியாது, பின்னி அனுப்பலாமே என்று தொடங்கினேன்.

இணையத்தில் எடுத்த ஒரு மாதிரியைப் பார்த்துச் செய்தேன். யாரோ வெளிநாட்டுப் பெண் போட்டது. உருண்டை உடம்பு, சிரித்த வாய், இரண்டு கொடுக்கு, ஆறு கால், சிவப்பு நூல். நூல் சுற்றியிருந்த தாளில் 4 மில்லிமீற்றர் ஊசி என்று போட்டிருந்தது, நானும் அதையே எடுத்தேன். முதல் பிழை அங்கேதான். தொப்பிக்கு அது சரி. பொம்மைக்குள் பஞ்சு அடைத்ததும் கண்ணிகள் விரிந்து, சிவப்புத் தோலுக்குள்ளால் பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்த்தது. போதாததற்கு நான் அடைத்தது பழைய தலையணையில் இருந்த இலவம் பஞ்சு. அது வழுக்கிக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாலும் வெளியே வந்தது. இரண்டு நாள் வீடு முழுக்கத் தும்மல். கால் வைக்க முன் அதைப் பார்த்த இவர், "தக்காளி வடிவா வந்திருக்கு" என்றார்.

எல்லாவற்றையும் அவிழ்த்தேன். 3 மில்லிமீற்றர் ஊசியில் இறுக்கமாகத் திரும்பப் பின்னினேன். இலவம் பஞ்சை எறிந்துவிட்டு, மலிவான சின்னத் தலையணை ஒன்று வாங்கி வெட்டி, அதில் இருந்த பொலியெஸ்டர் பஞ்சை எடுத்தேன். இதற்கென்று தனியாகப் பஞ்சு தேடி அலையாதீர்கள், ஒரு தலையணைக்குள் ஆறேழு பொம்மைக்குக் காணும். ஒன்பது நாளில் நண்டு முடிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில்தான் சனிக்கிழமை காலை மீன் வாங்கப் போனபோது அதையும் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

நான் வழமையாக வாங்குகிற ஐயா அதைக் கையில் வாங்கி இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, அவிச்சுப்போட்டோ கொண்டந்தனீங்கள்?"

எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். "உயிர் நண்டு எங்கையும் இந்த நிறத்திலை கண்டனீங்களோ? இது சட்டியிலை இருந்து எழும்பி வந்ததெல்லோ." பிறகு பின்பக்கத்தைத் தடவினார். "துடுப்பெங்கை? துடுப்பில்லாமல் இது எப்பிடி நீந்தும்?"

கூடைக்குள் கை விட்டு ஒரு நீலக்கால் நண்டைப் பின்னங்கால் அடியில் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஐம்பது வருடமாக நண்டு உடைத்துக் குழம்பு வைக்கிறேன். முருங்கையிலையை எப்போது போட வேண்டும் என்பதில் மற்றவர்களோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஆனால் நண்டை அன்றுதான் பார்த்தேன். கொடுக்கோடு சேர்த்துப் பத்துக் கால். நடக்கிற கால் மூன்று சோடி. கடைசிச் சோடி மட்டும் தட்டையாக, நுனி இலை போல அகன்று இருக்கிறது. அதுதான் அவர் சொன்ன துடுப்பு. உடம்பு உருண்டையே இல்லை. நீளத்தை விட அகலம் இரண்டு மடங்கு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு கூரிய முள். நீல ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்த கோலம்.

விடவில்லை அவர். என் நண்டை மல்லாத்தி வைத்து, "இது ஆணோ பெண்ணோ?" என்றார். ஆணுக்கு வயிற்று மடிப்பு ஒடுங்கி முக்கோணமாக இருக்கும், பெண்ணுக்கு அகன்று வளைந்திருக்கும். பெண் நண்டில் இந்த நீலமும் வராது, பச்சையும் மண்ணிறமும் கலந்த மங்கல்தான். என் நண்டின் வயிற்றில் ஒன்றுமே இல்லை. "அப்ப இது ரெண்டும் கெட்டான்" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

வரும் வழியெல்லாம் கோபம். வீட்டுக்கு வந்து நண்டு கழுவும்போது கோபம் போய்விட்டது. கழுவ முன் எல்லாப் பக்கத்தாலும் படம் எடுத்துவைத்தேன். நல்ல வேலை செய்தேன், ஏனென்றால் அடுத்த கிழமையே நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. இருபத்தைந்து நாளும் எங்கள் வீட்டுக்குள் மீன் வராது. அந்த நாட்களில்தான் இரண்டாவது நண்டு உருவானது. "கொடி ஏறின வீட்டிலை நண்டைக் குத்திக்கொண்டு இருக்கிறாய்" என்று மாமி ஒவ்வொரு நாளும் சொன்னா. அவவுக்கு எண்பத்தாறு வயது. நூல் நண்டும் அவவுக்கு மீன் மாதிரி மச்சம்தான்.

செய்ய விரும்புகிறவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பை மேலொன்று கீழொன்றாக இரண்டு துண்டாய்ப் பின்னினேன், மேலே நீலம், கீழே வெள்ளை. 14 கண்ணியில் தொடங்கி, இரண்டு ஓரமும் கூட்டி 34 வரை போய், பிறகு குறைத்தேன். ஒரு வரி பிளேன் (நேர்ப் பின்னல்), ஒரு வரி பேர்ள் (எதிர்ப் பின்னல்) என்று பின்னினால் ஓரம் சுருளும். துண்டுகளைத் தைத்துப் பஞ்சு வைக்கும்போது அந்தச் சுருள் அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். நடக்கிற காலுக்கு இரண்டு முனையும் கூரான குட்டை ஊசி எடுங்கள். மூன்று கண்ணி ஏற்றிப் பின்னுங்கள். வரி முடிந்ததும் ஊசியைத் திருப்பாமல் கண்ணிகளை மறுமுனைக்குத் தள்ளி, நூலைப் பின்பக்கத்தால் இறுக்கி இழுத்து மறுபடி பின்னுங்கள். கயிறு மாதிரி உருண்டு வரும், தைக்கவே தேவையில்லை. துடுப்புக்கும் அதே கயிறுதான். பாதியில் நிறுத்தி, ஊசியைத் திருப்பித் திருப்பி 7 கண்ணி வரை கூட்டித் திரும்பக் குறைத்தால் இலை வந்துவிடும். பக்கத்து முள்ளும் சின்னக் கயிறுதான். வெள்ளைக் கோலத்தைச் சங்கிலித் தையலில் பிறகு போட்டேன். கொடுக்கை நீளமாகவே வைத்தேன், ஆண் நண்டுக்கு அதுதான் எடுப்பு.

பொருத்துவதுதான் தலையிடி. பத்துக் கால், இரண்டு முள், இரண்டு கண். ஒவ்வொன்றிலும் தொங்குகிற நூல் முனையை உள்ளே மறைக்க வேண்டும். காலுக்குள் கம்பி வைத்தால் வளைத்து நிறுத்தலாம் என்று ஒருவர் சொன்னார். சின்னப்பிள்ளை கையில் போகிற சாமானுக்குள் நான் கம்பி வைக்க மாட்டேன்.

உங்களுக்கும் இப்படி யாரிடமாவது அகப்பட்ட கதை இருக்கும். சொல்லுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து

பாசையூர் ஐயாவுக்கு ஒரு சின்ன மறுப்பு. உயிரோடு சிவப்பாக ஒரு நண்டும் இல்லை என்று சொல்ல ஏலாது. சிலுவை நண்டின் முதுகில் செங்கபில நிறத்தில் பட்டை பட்டையாக இருக்கும், நடுவில் வெள்ளையாய்ச் சிலுவை போல அடையாளம். அக்கா அடுத்த முறை அதைப் பின்னிக்கொண்டு போய்க் காட்டுங்கோ. ஆனால் அதற்கும் துடுப்பு உண்டு!

மானிப்பாயிலிருந்து

எங்கள் வீட்டில் ஒரு முயல் இருந்தது. அம்மா அதைச் சைக்கிள் கம்பியால் பின்னினா. தொண்ணூறுகளில் பின்னல் ஊசிக்கு எங்கே போவது? பழைய சில்லின் கம்பிகளை எடுத்து, வளைவையும் தலைப்பையும் வெட்டி, முனையைச் சீமெந்துப் படியில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினா. சைக்கிள் கம்பி ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் மொத்தம். நல்லூர் அக்கா சொன்ன இறுக்கம் தானாகவே வரும், பஞ்சு எட்டியே பார்க்காது. விரல்தான் நோகும்.

நூல், அப்பா நுவரெலியாவில் வேலை பார்த்த காலத்துச் சுவெற்றர். அதை அவிழ்த்தால் நூல் சுருள் சுருளாக வந்தது. கதிரையின் முதுகில் சுற்றி, நனைத்து, வெயிலில் காயவிட்டு நேராக்கினா. அது அசல் கம்பளி என்று எங்களுக்குத் தெரிந்தது ஒரு விபத்தால். இரவில் ஜாம்போத்தல் விளக்கில் முயலின் காதைப் பிடித்துவிட்டேன். தலைமயிர் கருகின மணம் வந்தது, கருகின இடம் விரல் பட உதிர்ந்துவிட்டது. இப்போது கடையில் வூல் என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்றிலிக். அதன் துண்டொன்றைக் கொளுத்திப் பாருங்கள், உருகிக் கட்டியாகும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே வெளிக்கிட்டபோது முயலும் வந்தது. அப்பாவின் சைக்கிள் கைபிடியில் தொங்கின பைக்குள், அரிசிக்கு மேலே. கொடிகாமம் வரை நான் அதைப் பார்த்தேன். பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. கம்பி ஊசி இரண்டும் இன்னும் இருக்கின்றன. அம்மா இப்போது அதால் ஊதுபத்திச் சாம்பல் கிளறுகிறா.

சுன்னாகத்திலிருந்து

கண்ணுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. மண் பிள்ளையாருக்கு வைக்கிற மாதிரி நான் என் குருவிக்குக் குன்றிமணி வைத்தேன். சிவப்பில் கறுப்புப் பொட்டு, உயிர் வந்த மாதிரி இருக்கிறது. சூடான ஊசியால் துளை போட்டுத் தைத்துவிடலாம்.

கோப்பாயிலிருந்து

தங்கச்சி, அந்தக் குருவி சின்னப்பிள்ளை இருக்கும் வீட்டில் இருந்தால் இன்றைக்கே கண்ணைக் கழட்டுங்கோ. நான் தாதியாக இருந்தவள், அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன். குன்றிமணிக்குள் அப்ரின் என்கிற கடும் நஞ்சு இருக்கிறது. தோல் முழுதாக இருக்கும் மணியை விழுங்கினால் பல நேரம் அப்படியே வெளியே போய்விடும். சப்பினாலோ, தோல் உடைந்திருந்தாலோ உயிருக்கே ஆபத்து. நீங்கள் துளை போட்டு அந்தத் தோலைத்தான் திறந்துவிட்டிருக்கிறீர்கள். துளை போடும்போது அந்தத் தூளும் உங்களுக்குக் கூடாது. பிள்ளையார் மணியைச் சப்ப மாட்டார், பிள்ளைகள் சப்புவார்கள்.

பொத்தானும் பிளாஸ்ரிக் கண்ணும் மூன்று வயதுக்குள் வேண்டாம், கழன்றால் நேரே தொண்டைக்குள். கறுப்பு நூலை ஊசியில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி இழுத்து முடிச்சுப் போடுங்கோ, அதுவே கண்.

சுன்னாகத்திலிருந்து

கழட்டிவிட்டேன் அக்கா. குருவி இப்போது நித்திரை கொள்கிற மாதிரி இருக்கிறது, பரவாயில்லை.

உரும்பிராயிலிருந்து

நான் பின்னுகிறவன் இல்லை, மனைவி வாசிக்கத் தந்தா. விஞ்ஞானம் படிப்பித்தவன் என்பதால் அவிச்ச நண்டைப் பற்றி மட்டும். அந்தச் சிவப்பு சட்டியில் புதிதாக வருவதில்லை. ஓட்டில் அஸ்டாக்சாந்தின் என்ற செந்நிறமி முன்பே இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டிருப்பதால் நீலமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் புரதம் குலைய, நிறமி தன் சொந்த நிறத்தைக் காட்டுகிறது. ஆகவே அக்காவின் முதல் நண்டு பிழை இல்லை. கொஞ்சம் பிந்தி வந்த நண்டு, அவ்வளவுதான்.

நல்லூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. மானிப்பாய்த் தங்கச்சி, அந்தக் கம்பி ஊசிகளை அம்மாவிடம் இருந்து வாங்கி எடுத்து வையுங்கோ, ஊதுபத்திக்கு வேறு குச்சி கொடுக்கலாம்.

நீல நண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. பேரன் தொலைபேசிக்கு முன்னால் வைத்துக் காலை எண்ணினான். ஒன்பதில் பிழைத்து மறுபடி தொடங்கிப் பத்து என்றான். கட்டிலுக்குக் கீழேதான் அதற்கு இடமாம், தும்புத்தடி கொண்டுதான் எடுக்க வேண்டுமாம். தாய்க்கு ஒரே ஏச்சு.

சிவப்பு நண்டை என்ன செய்வதென்று தெரியாமல், கொடி இறங்கிய பிறகு பாசையூருக்குக் கொண்டுபோய் ஐயாவிடமே கொடுத்தேன். நீல நண்டின் படத்தையும் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "முள்ளு ரெண்டும் சரி. துடுப்புச் சரி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. போன சனிக்கிழமை போனபோது சிவப்பு நண்டு அவருடைய தராசுக்கு மேலே கயிற்றில் தொங்குகிறது. எனக்கு முன்னால் நின்ற பெண்பிள்ளை அதைக் காட்டி என்ன விலை என்று கேட்டா.

"அது அவிச்சது பிள்ளை, விக்கிறேல்லை. பச்சை வேணுமெண்டால் கூடைக்குள்ளை பாருங்கோ."