ஒபிலிஸ்க்கை தேசியச் சின்னம் என்று சொல்லலாமா?

செங்கல்:
பாரிஸ் கான்கார்ட் சதுக்கத்து ஒபிலிஸ்க்கை (மேலே போகப்போகக் குறுகிக் கூரிய உச்சியில் முடியும் நான்முகத் தூண்) பிரான்சின் பெருமை என்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. எகிப்தின் லக்சர் கோயில் வாசலில் ஃபாரோ (பண்டைய எகிப்து மன்னன்) இரண்டாம் ராம்செஸ் ஜோடியாக நிறுத்திய தூண்களில் ஒன்று அது. அஸ்வான் சிவப்புக் கிரானைட், ஒரே கல், சுமார் 23 மீட்டர். சூரியக் கடவுள் ராவுக்காக நட்ட கல். 1836இல் அதைப் பாரிஸில் நிறுத்தினார்கள். அதன் ஜோடி இன்றும் லக்சரில் தனியாக நிற்கிறது. இரண்டு துவாரபாலகர்களில் ஒருவரை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனது போல.

ஒபிலிஸ்க்கை ஐரோப்பாவுக்குத் தூக்கிவரும் பழக்கத்தைத் தொடங்கியது ரோம். ரோமப் பேரரசன் அகஸ்டஸ் கொண்டுவந்த ஒபிலிஸ்க்கின் பீடத்தில், எகிப்து ரோமானிய மக்களின் ஆளுகைக்குள் வந்துவிட்டது என்று வெளிப்படையாகவே வெட்டியிருக்கிறது. அன்றிலிருந்து இது நாட்டைப் பிடித்தவன் நட்ட கொடிதான்.

மேகலை:
அதே கல்வெட்டின் கடைசி வரியையும் படியுங்கள், செங்கல். சூரியனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தான் என்றுதான் முடிகிறது. பழைய அர்த்தம் அழியவில்லை, கூடவே புதியது சேர்ந்தது.

அப்புறம் அமெரிக்கத் தலைநகரில் ஒபிலிஸ்க் வடிவில் நிற்கும் வாஷிங்டன் நினைவுச்சின்னத்தை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? அங்கே யாருடைய கல்லையும் எடுக்கவில்லை, வடிவத்தை மட்டும்தான் எடுத்தார்கள். 1848இல் தொடங்கி, பணம் தீர்ந்து, உள்நாட்டுப் போரும் வந்து, பல ஆண்டுகள் பாதியில் நின்றது. மீண்டும் கட்டியபோது கிடைத்த பளிங்கின் நிறம் வேறு. சுமார் 46 மீட்டர் உயரத்தில் அந்த மாற்றம் இன்றும் தெரிகிறது. 1884இல் 169 மீட்டரில் முடிந்தது. உட்சுவரில் மாநிலங்களும் ஊர்களும் சங்கங்களும் அனுப்பிய 190க்கும் மேற்பட்ட கற்கள் இருக்கின்றன. ஃபாரோவின் தூணில் ஒரே ஒருவன் பெயர். இதில் ஊர் ஊராகப் பெயர். எனக்கு இது பெரிய மாற்றம்.

செங்கல்:
வாஷிங்டன் விஷயத்தில் சரி, அது கட்டிடம். ஆனால் அடிப்பக்க அகலத்தைப் போல் உயரம் பத்து மடங்கு இருக்க வேண்டும் என்று இத்தாலியில் அமெரிக்கத் தூதராக இருந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ் ரோமிலிருந்து எழுதித்தான் அந்த அளவு முடிவானது. அவர் அளவெடுத்தது ரோம் தூக்கிவந்த கற்களில்.

தாழை:
எத்தியோப்பியாவின் பழைய நகரான அக்சுமின் தூணை இருவருமே விட்டுவிட்டீர்கள். 24 மீட்டர், சுமார் 160 டன். இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் படை 1937இல் அதை அங்கிருந்து ரோமுக்குக் கொண்டுபோனது. 1947 சமாதான உடன்படிக்கையில் திருப்பித் தருவதாக இத்தாலி ஒப்புக்கொண்டும், 2005இல்தான் மூன்று துண்டுகளாக விமானத்தில் அனுப்பியது. 2008இல் சொந்த ஊரிலேயே மறுபடி நிறுத்தினார்கள். எத்தியோப்பியர்களுக்கு அது தேசியச் சின்னம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

மேகலை:
அக்சும் கொள்ளை, சந்தேகமே இல்லை. லக்சர் தூண் எகிப்தை ஆண்ட முகமது அலி கொடுத்த பரிசு. பதிலுக்கு பிரான்ஸ் அனுப்பிய கடிகாரம் கெய்ரோ கோட்டை மசூதியில் இருக்கிறது.

செங்கல்:
முகமது அலி ஓட்டோமான் சுல்தானின் ஆளுநர். மூவாயிரம் ஆண்டுப் பழைய கோயில் வாசலை எடுத்துக் கொடுக்கும் உரிமையை லக்சர் மக்களில் யாரும் அவருக்குத் தரவில்லை. அவர் இரண்டையுமே பிரான்சுக்குக் கொடுத்தார். இரண்டாவது வேண்டாம் என்று பிரான்ஸ் முறைப்படி சொன்னது 1981இல், அதிபர் மித்தெரான் காலத்தில். அந்த முடிவு முதலாவதுக்கும் பொருந்த வேண்டும் என்பதுதான் என் வாதம்.