இயற்கை முண்டு மிளகாய்க்கு நியாயமான விலை எது?

வணக்கம். கீழக்கரையில் வசிக்கிறோம். தை மாதம் முதல் வீட்டு மளிகையை இயற்கை விளைபொருளுக்கு மாற்ற முயல்கிறேன். கடைக்குக் கடை விலை மாறுவதால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை.

உள்ளூர் மளிகைக் கடை, இராமநாதபுரம் உழவர் சந்தை, ஓர் இயற்கை அங்காடி, இணையவழி விற்பனை ஆகிய இடங்களில் துவரம் பருப்பு, கடலை எண்ணெய், கருப்பட்டி, மிளகாய் ஆகியவற்றின் விலைகளைக் குறித்து, வெவ்வேறு எடையில் வரும் பொட்டலங்களைக் கிலோ கணக்குக்கு மாற்றி, அனுப்பும் செலவையும் சேர்த்து ஒப்பிட்டேன். பருப்பில் இயற்கை வகை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு; எங்கும் அப்படியே இருப்பதால் ஏற்றுக்கொள்ளலாம்.

சிக்கல் மிளகாயில்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய், சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் அரசு முத்திரையுடன் ஒரு விலைக்கும், முத்திரையின்றி, மருந்தடிக்காதது என்ற வாய்மொழி உறுதியுடன் அதைவிடக் கூடுதல் விலைக்கும் கிடைக்கிறது. சிறு உழவர் நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை என்பதை அறிவேன். முத்திரையின்றி விற்கும் இவரோ வாங்கி விற்கும் வணிகர். எந்த உழவர் குழுவிடம் வாங்கினார் என்று கேட்டும் பதில் இல்லை.

கமுதி, முதுகுளத்தூர் பகுதிகளில் சான்று பெற்ற உழவர்களிடம் நேரடியாக வாங்குவோர், காய்ந்த முண்டு மிளகாய்க்கு இப்பருவத்தில் கிலோவுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள்?